ஜில்லா கோட்டாவும் எங்கள் அப்புச்சியும்

போன தடவை பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை நம் எல்லோரையும் பாதித்த ஒரு விஷயம்: காலேஜ் சீட்டு. அதிலும் குறிப்பாக, நாம் இருக்கிற ஊருக்கும் நமக்குக் கிடைக்கிற சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற கதை. கொஞ்சம் நீளம்தான். டீ ஏதாவது குடித்துவிட்டு வாருங்கள்.

கோவைக்குப் படிக்க வந்த முதல் வாரம் எனக்கு ஒரு அனுபவம். டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் "ஹோப் காலேஜ் ஒண்ணு" என்று டிக்கெட் எடுத்தார்கள். இவ்வளவு பேர் போகிற காலேஜ் எப்படி இருக்கும் என்று நானும் பீளமேட்டில் இறங்கிப் பார்த்தேன். அந்தப் பெயரில் அங்கே காலேஜே இல்லை! விசாரித்ததில்தான் தெரிந்தது. 1945ல் ஜி.டி.நாயுடுவின் முயற்சியில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1950ல் அது தடாகம் ரோட்டுக்குப் போய்விட்டது. இன்றைய ஜி.சி.டி.தான் அது. காலேஜ் போன பிறகும் பெயர் பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டது.

அந்தக் காலேஜ் வருவதற்கு முன் நம் பகுதிப் பையன் இன்ஜினியராக வேண்டுமென்றால் பெரும்பாலும் கிண்டிக்குத்தான் ரயிலேற வேண்டும். பிறகு பி.எஸ்.ஜி. டெக் 1951ல் வந்தது, சி.ஐ.டி. 1956ல் வந்தது. மருத்துவம் இன்னும் தாமதம். சென்னை மருத்துவக் கல்லூரி 1835லேயே தொடங்கிவிட்டது. ஸ்டான்லி 1938, மதுரை 1954. கோயமுத்தூருக்கு மருத்துவக் கல்லூரி வந்தது 1966ல்தான். சென்னையில் தொடங்கி 131 வருடம் கழித்து!

காலேஜ் வந்துவிட்டால் போதுமா? அதில் யார் உட்காருவது என்ற கேள்வி உடனே வந்தது. இங்கேதான் எங்கள் அப்புச்சி கதைக்குள் வருகிறார்.

அப்புச்சியின் பி.யூ.சி.

அப்புச்சிக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். கோபியில் ஹைஸ்கூல், தினமும் சைக்கிள். எஸ்.எஸ்.எல்.சி. வரை முழுக்கத் தமிழ். அதற்கப்புறம் கோவையில் ஒரு வருட பி.யூ.சி. அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாமே இங்கிலீஷ். அந்த ஒரே வருடத்துக்குள் மொழியும் மாற வேண்டும், மார்க்கும் வாங்க வேண்டும். 1967ல் அவர் பி.யூ.சி. முடித்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். கிடைக்கவில்லை. பி.எஸ்ஸி. படித்து வாத்தியார் ஆனார்.

அந்த வருடங்களில் சென்னை மாநில அரசு எம்.பி.பி.எஸ். சீட்டுகளை மாவட்டவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. மாநில மக்கள்தொகையில் ஒரு மாவட்டத்தின் பங்கு எவ்வளவோ, சீட்டிலும் அந்த மாவட்டத்துக்கு அவ்வளவு பங்கு. அரசு சொன்ன காரணம் எளிமையானது. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் நல்ல பள்ளிகளும் கல்லூரிகளும் உள்ள சென்னை நகரப் பிள்ளைகள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமான சீட்டுகளைக் கொண்டுபோய்விடுவார்கள்.

நியாயமாகத்தானே படுகிறது? ஆனால் மார்க் இருந்தும் சீட்டு கிடைக்காத மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதுதான் பி.ராஜேந்திரன் எதிர் சென்னை மாநிலம் வழக்கு. 1968 ஜனவரி 17 அன்று தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையிலான அரசியல் சாசன அமர்வு மாவட்டவாரி ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. தொழிற்கல்லூரிச் சேர்க்கையின் நோக்கம் திறமையானவர்களைத் தேர்ந்தெடுப்பது. விண்ணப்பதாரர் எந்த மாவட்டம் என்பதற்கும் அந்த நோக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு மாவட்டத்தில் குறைந்த மார்க்காருக்குச் சீட்டும் இன்னொரு மாவட்டத்தில் அதிக மார்க்காருக்குக் கைவிரிப்பும் என்பது 14ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு விரோதம். இதுதான் தீர்ப்பின் சாரம். ஒரு முக்கியமான வாசலை மட்டும் நீதிமன்றம் திறந்து வைத்தது. இடத்தை வைத்துப் பிரிப்பது எல்லாச் சமயத்திலும் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை, இந்த வழக்கில் அதற்குத் தகுந்த நியாயம் காட்டப்படவில்லை என்றது.

அரசு விடவில்லை. அடுத்து மாவட்டத்துக்குப் பதில் "யூனிட்" என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. சென்னை நகரக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட். வெளியூர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனி யூனிட், கோவையும் அப்படி ஒன்று. மொத்தம் ஆறு. ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் குழு. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள யூனிட்டுக்கே விண்ணப்பியுங்கள் என்று அறிவுரை. இண்டர்வியூவுக்கு மட்டும் 75 மார்க். பெயர்தான் வேறு, சரக்கு பழையதே. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு வழக்கில் 1970 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதையும் ரத்து செய்தது. ஒரு யூனிட்டில் தேர்வானவரைவிட இன்னொரு யூனிட்டில் தேர்வாகாதவர் அதிக மார்க் என்றால் அது என்ன தேர்வு என்பதுதான் கேள்வி.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் படித்துவிட்டு நான் நேராக அப்புச்சியிடம் போனேன். நீங்கள் விண்ணப்பித்தபோது ஜில்லா கோட்டா இருந்ததே, அப்புறமும் எப்படிக் கிடைக்காமல் போனது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது:

"மெட்ராஸ்காரங்கிட்ட நான் தோக்கல கண்ணு. கோயமுத்தூர் டவுன்காரங்கிட்டயே தோத்துட்டேன்."

எனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரிந்தது அந்த ஒரு வரியில்தான். அன்றைய கோயமுத்தூர் மாவட்டம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள். இன்றைய கோவை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் பெரும்பாலானவை அதற்குள்தான். மில்லும் பெரிய பள்ளிகளும் இருந்த கோவை நகரமும், கரண்ட் இல்லாத தோட்டத்து வீடும் ஒரே மாவட்டம், ஒரே கோட்டா. சென்னை பெரிய மீன் என்று சொல்லித் தடுப்பு கட்டினார்கள். தடுப்புக்கு உள்ளேயே இன்னொரு பெரிய மீன் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. கோபி 1979ல் கோவையிலிருந்து பிரிந்து பெரியார் மாவட்டத்தில் சேர்ந்தது. 1996ல் அதற்கு ஈரோடு மாவட்டம் என்று பெயர். அப்புச்சி வீடு ஒரு அடி நகரவில்லை. மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. இதை வைத்து ஒருவரின் வாய்ப்பை எப்படி அளப்பது?

கடலுக்கு அந்தப் பக்கம்

இங்கே நீதிமன்றம் மாவட்டக் கோட்டாவை ஒழித்த சில வருடங்களில் இலங்கையில் அதே கோட்டா உள்ளே வந்தது. 1971ல் பல்கலைக்கழக அனுமதிக்குத் "தரப்படுத்தல்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் அது மொழிவாரி. தமிழில் தேர்வு எழுதியவர் மருத்துவம், பொறியியலுக்குச் சிங்களத்தில் எழுதியவரைவிட அதிக மார்க் எடுக்க வேண்டியிருந்தது. 1974 வாக்கில் மக்கள்தொகைப்படி மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. மிஷனரிப் பள்ளிகளால் நூறு வருடத்துக்கு மேல் படிப்பில் முன்னே நின்ற யாழ்ப்பாணத்துக்குப் பெரிய அடி. அங்கே இளைஞர்களின் கோபம் ஆயுதம் வரை போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் தரப்படுத்தலும் ஒன்று.

ஆனால் நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நல்ல பள்ளிகள் இல்லாத மன்னார், வன்னி, மட்டக்களப்புப் பகுதித் தமிழ் மாணவர்களுக்கு மாவட்ட முறை கதவைத் திறந்தது. ஒரே மொழி பேசுகிறவர்களில் ஒரு ஊருக்கு அது அநியாயம், இன்னொரு ஊருக்கு வாய்ப்பு. இலங்கையில் இப்போதும் பெரும்பாலான படிப்புகளுக்கு 40 சதவீதம் நாடு தழுவிய மார்க், 55 சதவீதம் மாவட்டப் பங்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கூடுதல் என்பதுதான் முறை. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்குப் பிள்ளைகளை மாற்றிப் படிக்க வைக்கிற பெற்றோரும் உண்டு.

அதாவது நிர்வாகம் முகவரிக்கு மதிப்புக் கொடுத்தால் மக்கள் முகவரியை மாற்றிக்கொள்வார்கள். சரி, நம் ஊரில் முகவரிக்கு மதிப்பே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதே, இங்கே என்ன நடந்தது? அதுதான் சுவாரசியம்.

நுழைவுத் தேர்வு, கிராமக் கோட்டா, நாமக்கல்

1984ல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் 2 மார்க் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, ஆக 300. தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். கோச்சிங் சென்டர் மட்டும் எல்லா ஊரிலும் இல்லை. கோவையில் இருப்பவன் சைக்கிளில் போவான். தாளவாடி மலையில் இருப்பவன் என்ன செய்வான்?

இதைச் சரிசெய்ய 1990களின் பிற்பாதியில் தி.மு.க. அரசு கிராமப்புற மாணவர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கியது. 2001ல் அ.தி.மு.க. அரசு அதை 25 ஆக உயர்த்தியது. உயர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. இதற்கு முன்னோடியாக உத்தரப் பிரதேச வழக்கு ஒன்று உண்டு. பிரதீப் டண்டன் வழக்கில் 1974ல் உச்ச நீதிமன்றம் மலைப்பகுதி ஒதுக்கீட்டை ஏற்றது, கிராமப்புற ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. கிராமத்தில் வாழும் கோடிக்கணக்கான மக்களை மொத்தமாக ஒரே பின்தங்கிய வகுப்பு என்று சொல்ல முடியாது என்பது அதன் வாதம்.

எனக்கு அந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. கிராமக் கோட்டாவில் பள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள் லட்ச ரூபாய் ஃபீஸ் வாங்கும் ஹாஸ்டல் பள்ளி இருந்தால்? அங்கே படிக்கும் டவுன் பையன் கிராமத்தான். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி டவுனில் உள்ள அரசுப் பள்ளிக்கு வரும் பெண் கிராமத்தவள் அல்ல. என்ன கணக்கோ!

2006ல் அனந்தகிருஷ்ணன் குழு நுழைவுத் தேர்வே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2007லிருந்து பிளஸ் 2 மார்க் மட்டும்தான் என்று ஆனது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இனி நல்ல காலம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஓரளவு நடக்கவும் செய்தது. ஆனால் அதைவிட வேகமாக நம் கொங்குப் பகுதியில் ஒரு தொழில் வளர்ந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று வரிசையாக ஹாஸ்டல் பள்ளிகள். முட்டைக்கும் லாரிக்கும் பெயர் வாங்கிய ஊர் மார்க்குக்கும் பெயர் வாங்கியது. பிளஸ் 1 பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் 2 பாடத்தையே நடத்துவார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். மாநிலத்தின் எல்லாத் திசையிலிருந்தும் பெற்றோர்கள் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஊருக்கு மதிப்பில்லை என்றாகி முப்பது, நாற்பது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் பிள்ளையை எந்த ஊரில் கொண்டுபோய் வைத்தால் சீட்டு வரும் என்று ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரிந்திருந்தது. முகவரியை விண்ணப்பத்திலிருந்து அழித்தார்கள். அது மார்க்குக்குள் போய் ஒளிந்துகொண்டது.

2017ல் நீட் வந்தது, காட்சி மொத்தமாக மாறியது. 2016ல் நாமக்கல் மாவட்டக் கணக்கில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் 957 பேர். 2017ல் 109. சென்னையில் 2016ல் 113 பேர், 2017ல் 471. ஒரே வருடத்தில்! நாமக்கல் பிள்ளைகளின் மூளை ஒரு வருடத்தில் சுருங்கிவிட்டதா, சென்னைப் பிள்ளைகளின் மூளை நான்கு மடங்கு வளர்ந்துவிட்டதா? இரண்டும் இல்லை. தேர்வு மாறியது. எந்தத் தேர்வுக்கு எந்த ஊரில் பயிற்சி கிடைக்கிறதோ அந்த ஊருக்குச் சீட்டு போனது. 1967ல் அரசு சொன்ன "சென்னைக்காரர்கள் அதிக இடம் பிடித்துவிடுவார்கள்" என்ற பயம் ஐம்பது வருடம் கழித்து அப்படியே கண்முன் வந்து நின்றது. நடுவில் கொஞ்ச காலம் அந்த இடத்தில் நாமக்கல் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த 2017ல்தான் என் பெரியம்மா பொண்ணு பிளஸ் 2 முடித்தாள். எங்கள் பக்கத்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. மார்க் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் சேர்க்கைக்கு நீட் மார்க்தான் கணக்கா இல்லையா என்று ஆகஸ்ட் வரைக்கும் யாருக்கும் தெரியாது. கோவையில் கோச்சிங் சேரலாம் என்றால் போக வர பஸ்ஸிலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். சேரவில்லை. நர்ஸிங் படித்தாள், இப்போது வேலையில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். இருந்தாலும் டாக்டர் கோட்டைப் பார்த்தால் ஒரு நொடி நிற்பாள். அப்புச்சிக்கும் அவளுக்கும் நடுவே ஐம்பது வருடம். இரண்டு பேரும் ஒரே தூரத்தில்தான் தோற்றார்கள்: வீட்டுக்கும் நல்ல பயிற்சிக்கும் இடையில் இருந்த பஸ் தூரம்.

அப்போ என்னதான் வழி?

பெரிய தீர்வு சொல்லும் வயசு எனக்கு இல்லை. ஆனால் வரலாறு ஒன்றைக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். மாவட்டம், யூனிட், கிராமம் என்று நாம் அளந்த அளவுகோல் எல்லாமே ரொம்பப் பெரியது. ஒரு மாவட்டத்துக்குள் டவுனும் தோட்டமும் இருக்கிறது. ஒரு கிராமத்துக்குள் ஹாஸ்டல் பள்ளியும் அரசுப் பள்ளியும் இருக்கிறது. உண்மையில் வாய்ப்பை முடிவு செய்வது ஒரு பிள்ளை தினமும் எந்தப் பள்ளி வாசலில் நுழைகிறது என்பதுதான்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் 1997ல் இப்படி ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தது. மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும் அதில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்று சட்டம் போட்டது. உன் பள்ளிக்குள் நீ எங்கே நிற்கிறாய் என்பதே கேள்வி.

நம் ஊரில் 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் பள்ளியைத்தான் அளவுகோலாக எடுத்தது. நீதிபதி கலையரசன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த சட்டம் அது. 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம். 2021ல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் இது வந்தது. 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்றது. மாவட்டமும் கிராமமும் தோற்ற இடத்தில் பள்ளி ஜெயித்தது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் கூலித் தொழிலாளி பிள்ளைக்கு இதில் இடம் இல்லை. நீட் பயிற்சி என்ற தூரம் அப்படியே இருக்கிறது. ஆனால் தூரம் குறைந்த இடங்களும் உண்டு. 2018லிருந்து இன்ஜினியரிங் கவுன்சலிங் ஆன்லைனில். எங்கள் அண்ணன்மார் காலத்தில் அதற்காக ராத்திரி ரயிலேறி அண்ணா பல்கலைக்கழகத்தில் போய் நிற்க வேண்டும். 2022 ஜனவரியில் நாமக்கல், திருப்பூர், நீலகிரி மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். 1966ல் கோவைக்கு ஒன்று வந்ததோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம் இல்லை.

நாம் ஒவ்வொருவரும் "நான் என் மார்க்கில் வந்தேன்" என்று சொல்லிக்கொள்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இதை எழுதிய பிறகு அவ்வளவு சத்தமாகச் சொல்ல முடியவில்லை. என் மார்க்கில் பாதி நான் படித்தது. மீதி, எட்டாம் வகுப்பில் அப்பா டவுனுக்கு வீடு மாற்றியது.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் 1 சேர்ந்ததாக வந்து அப்புச்சியிடம் சொன்னாள். பயாலஜி குரூப்பாம், டாக்டர் ஆகணுமாம். அப்புச்சி அவள் மார்க்கைக் கேட்கவில்லை. "எந்த ஸ்கூலு சாமி? பஸ்ஸு எத்தன மணிக்கு வருது?" என்றுதான் கேட்டார்.

அடுத்த முறை வேறு ஒரு விஷயத்தோடு சந்திப்போம்.